மின் சிக்கன விளக்குப் பாடம்: கரும்பலகையா, பல்ப் பலகையா, வீட்டு மீட்டரா?

மலையகத் தேயிலைத் தோட்டப் பாடசாலைகளில் விஞ்ஞானம் படிப்பிக்கும் பலருக்கும் இந்தக் குழப்பம் இருக்கிறது. வீட்டு விளக்கில் மின்சாரத்தை மிச்சம் பிடிப்பது பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும். அதைக் கரும்பலகையில் கணக்காகப் போட்டு முடிப்பதா, பல்ப்களை மாட்டி எரித்துக் காட்டுவதா, வீட்டு மீட்டரை வாசித்து வரச் சொல்வதா? இல்லை, பஸ் பிடித்து மின்நிலையத்துக்கே கூட்டிக்கொண்டு போவதா? நாலுக்கும் ஆதரவாளர்கள் இருக்கிறார்கள். கொழும்பில் ஒரு பெரிய பாடசாலைக்குச் சரிவருவது பொகவந்தலாவையில் ஒரு தோட்டப் பாடசாலைக்கும் அப்படியே சரிவரும் என்று நினைப்பதில்தான் சிக்கல்.

எதை வைத்து எடை போடுவது?

முதலில், பாடம் பிள்ளையோடு வீட்டுக்குப் போகிறதா என்று பார்க்க வேண்டும். பரீட்சையில் விடை எழுதிவிட்டு, வீட்டில் அதே 60 வாற்று பல்ப்பின் கீழே உட்கார்ந்து படித்தால் பாடம் பாதியில் நின்றுவிட்டது என்றுதான் அர்த்தம்.

இரண்டாவது, எந்தப் பிள்ளையும் வகுப்பில் கூனிக்குறுகக் கூடாது. மலையகத்தில் இதற்கு நான் கூடுதல் எடை கொடுப்பேன். ஒரே வகுப்பில் டவுனில் கல்வீட்டில் இருக்கும் பிள்ளையும் இருக்கும், வரிசை வீடான லயத்தில் பக்கத்துக் காம்பராவிலிருந்து (அறையிலிருந்து) வயர் இழுத்து ஒரே ஒரு விளக்கு எரிக்கும் பிள்ளையும் இருக்கும்.

மற்றவை வழக்கமானவைதான். 230 வோல்ட்டைப் பிள்ளைகளின் கைக்கெட்டும் தூரத்தில் வைக்கிறோமா, 40 நிமிடப் பாடவேளைக்குள் அடங்குமா, செலவு யார் தலையில் விழும் என்பவை. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம்: காட்டும் எண் உண்மையான எண்தானா?

கரும்பலகைக் கணக்கு

செலவு ஒரு சோக்குக்கட்டி. ஆபத்து எதுவும் இல்லை. தரம் 11இல் மின் உபகரணங்களின் வலுவும் சக்தியும் வருவதால் பாடத்திட்டத்துக்குள்ளேயே அடங்கிவிடும்.

கணக்கும் அழகான கணக்குத்தான். ஒரு யூனிட் என்பது 1000 வாற்று ஒரு மணித்தியாலம் எரிவது. 60 வாற்று இழை பல்ப் (கம்பி இழை சூடாகி எரியும் பழைய வகை) ஒன்று நாளுக்கு 5 மணித்தியாலம் எரிந்தால் 30 நாளில் 9 யூனிட். அதே அளவு வெளிச்சம் தரும் 9 வாற்று எல்.ஈ.டி. என்றால் 1.35 யூனிட். காம்பரா, அடுப்படி, இஸ்தோப்பு (முன் திண்ணை) என்று மூன்று பல்ப் எரியும் வீட்டில் 27 யூனிட், 4 யூனிட்டாக இறங்குகிறது.

இதை ரூபாயாக மாற்றும்போதுதான் கரும்பலகை தன் பலத்தைக் காட்டும். மின்சார சபையின் வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுவது. மாதத்துக்கு 60 யூனிட்டைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை. வேறொரு கட்டணப் பட்டியலுக்கே தள்ளிவிடுவார்கள், அங்கே முதல் யூனிட்டிலிருந்தே விலை வேறு. ஆகவே 75 யூனிட் எரிக்கும் வீடு பல்ப்களை மட்டும் மாற்றி 52க்கு வந்தால், மிச்சம் வெறும் 23 யூனிட்டின் விலை அல்ல. இதை எந்தப் பல்ப்பும் காட்டாது, கணக்குத்தான் காட்டும். கட்டணம் அடிக்கடி மாறுவதால் பழைய பயிற்சிப் புத்தகத்து எண்களை நம்பாமல், அந்த மாதக் கட்டணத்தை எடுத்துப் போடுங்கள்.

இன்னொரு கணக்கையும் விட்டுவிட வேண்டாம். சாமிப் படத்துக்கு முன்னால் இரவு பகலாக எரியும் சின்னச் சிவப்பு பல்ப். அது 15 வாற்று இழை வகையாக இருந்தால் 24 மணித்தியாலமும் எரிந்து மாதத்துக்கு 10.8 யூனிட் தின்னும். அதாவது காம்பராவின் பெரிய விளக்கைவிடக் கூட! வகுப்பே ஒரு கணம் நம்பாது. விளக்கை அணைக்கச் சொல்லிவிடாதீர்கள், வீட்டில் பாட்டியிடம் பிள்ளைக்குத்தான் ஏச்சு விழும். 1 வாற்றுக்கும் குறைந்த சிவப்பு எல்.ஈ.டி. இருக்கிறது, சாமிக்கு அதுவும் வெளிச்சம்தான்.

சரி, குறை என்ன? 60 பெரிய எண், 9 சின்ன எண். அதனால் 9 வாற்று மங்கலாகத்தான் எரியும் என்று பிள்ளை மனதுக்குள் முடிவு கட்டிவிடும். வாற்று என்பது தின்னும் அளவு, தரும் வெளிச்சத்தை லூமன் என்று தனியாகச் சொல்ல வேண்டும் என்பதைக் கரும்பலகையில் நூறு தடவை எழுதினாலும் கண்ணால் பார்த்தது போல ஆகாது.

மறைந்த செலவு ஒன்றும் உண்டு. "எல்லாரும் நாளைக்குக் கரண்ட் பில் கொண்டு வாங்க" என்று சொல்லும் பழக்கம். பில்லில் யூனிட் மட்டும் இருப்பதில்லை. கட்டாமல் விட்ட நிலுவையும் அதில்தான் இருக்கிறது. அது மேசைக்கு மேசை கைமாறும். கற்பனை வீட்டுக்கு ஒரு பில்லை நீங்களே தயாரித்துக் கொடுத்தால் பாடம் எந்த விதத்திலும் குறையாது.

பல்ப் பலகை

ஒரு மரப்பலகையில் ஐந்து ஹோல்டர், ஒவ்வொன்றுக்கும் தனி சுவிட்ச், ஓரத்தில் ஒரு துணை மின்மானி. ஒரு ஹோல்டரில் 60 வாற்று இழை பல்ப், மற்றவற்றில் 9 வாற்று எல்.ஈ.டி.கள். வயரிங் வேலையை ஆசிரியரோ பிள்ளைகளோ செய்யக் கூடாது. தெரிந்த மின் இணைப்பாளரிடம் கொடுத்து, ட்ரிப் சுவிட்ச் (மின்கசிவு வந்தால் தானாக அணைவது) வேலை செய்யும் இணைப்பில் மட்டும் மாட்டுங்கள். ஹோல்டர் எல்லாம் பின் வகையாகவே இருக்கட்டும். பாதி பின், பாதி ஸ்க்ரூ என்று வாங்கிவிட்டு வகுப்பில் மாற்ற முடியாமல் நிற்பது வழக்கமாக நடப்பது.

மின்மானி எதற்கு, பிளக்கில் செருகும் சின்ன வாற்றுமானி போதாதா என்று கேட்பீர்கள். மலிவான வாற்றுமானிகள் பல 10 வாற்றுக்குக் கீழே தடுமாறும், எல்.ஈ.டி. மின்னோட்டத்தை இழுக்கும் விதமும் அதற்கு ஒத்துவருவதில்லை. 9 வாற்றை 6 என்றோ 13 என்றோ காட்டினால் அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் எதையும் வகுப்பு நம்பாது.

மின்மானியின் முகத்தில் சின்னச் சிவப்பு விளக்கு ஒன்று விட்டு விட்டுச் சிமிட்டும். பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று அச்சிட்டிருக்கும். 1600 என்று இருந்தால், ஒரு சிமிட்டலுக்கு 2250 ஜூல். 60 வாற்று பல்ப் 37.5 செக்கனுக்கு ஒரு தடவை சிமிட்ட வைக்கும். 9 வாற்று எல்.ஈ.டி.க்கு 250 செக்கன், அதாவது நாலு நிமிடத்துக்கு மேல். அவ்வளவு நேரம் ஒரு வகுப்பைச் சும்மா உட்கார வைக்க முடியாது என்பது இந்த முறையின் நிஜமான தொல்லை. அதற்கு ஒரு வழி, நாலு எல்.ஈ.டி.யையும் ஒன்றாக எரிப்பது. அப்போது 62.5 செக்கனுக்கு ஒரு சிமிட்டல். அறை முழுக்க வெளிச்சம், ஆனால் மீட்டர் ஒற்றை இழை பல்ப்புக்குச் சிமிட்டியதைவிட மெதுவாகச் சிமிட்டுகிறது. பின்வரிசைப் பிள்ளைகள் எழுந்து வந்து மீட்டரை உற்றுப் பார்ப்பது இந்த இடத்தில்தான்.

வெளிச்சத்தை ஒப்பிட இன்னும் மலிவான கருவி இருக்கிறது. ஒரு வெள்ளைத் தாளின் நடுவில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய். இருட்டாக்கிய அறையில் இரண்டு பல்ப்களை 2 மீற்றர் இடைவெளியில் வைத்து, நடுவில் தாளை நிமிர்த்திப் பிடியுங்கள். நீங்கள் பார்க்கும் பக்கத்தில் வெளிச்சம் கூடினால் எண்ணெய்ப் பொட்டு கறுப்பாகத் தெரியும். பின்பக்கத்தில் கூடினால் பொட்டு பளிச்சென்று தெரியும். இரண்டும் சமமான இடத்தில் பொட்டு கிட்டத்தட்ட மறைந்துபோகும். ஜெர்மானிய விஞ்ஞானி புன்சன் 19ஆம் நூற்றாண்டில் பயன்படுத்திய உத்தி இது.

60 வாற்று இழைக்கும் 9 வாற்று எல்.ஈ.டி.க்கும் இடையில் பொட்டு நடுப்பகுதியில் மறைந்தால், ஆறில் ஒரு பங்கு மின்சாரத்தில் ஏறக்குறைய அதே வெளிச்சம் என்று பிள்ளையே சொல்லிவிடும். எல்.ஈ.டி.யிலிருந்து 80 சென்ரிமீற்றரில் மறைந்தால் அந்தப் பல்ப்பின் வெளிச்சம் குறைவு. தரம் 11 பிள்ளைகளுக்கு 80இன் வர்க்கம், 120இன் வர்க்கம், அதாவது 4க்கு 9 என்று கணக்கையும் போட வைக்கலாம். சந்தையில் மட்டமான எல்.ஈ.டி.களும் உண்டு. பெட்டியில் 9 வாற்று என்று இருக்கும், வெளிச்சம் அதற்குப் பாதிதான் வரும். அதைப் பிடிக்கவும் இதே தாள் போதும். மஞ்சள் வெளிச்சம் தரும் எல்.ஈ.டி.யையே வாங்குங்கள். வெள்ளை வகையை வாங்கினால் தாளின் ஒரு பக்கம் மஞ்சள், மறுபக்கம் நீலம் கலந்த வெள்ளை. பொட்டு மறைகிறதா இல்லையா என்று சண்டைதான் வரும்.

சூட்டையும் சொல்ல வேண்டும். இழை பல்ப் வாங்கும் மின்சாரத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவுதான் கண்ணுக்குத் தெரியும் ஒளியாகிறது, மற்றதெல்லாம் சூடு. தொட்டுப் பார்க்க விடாதீர்கள், கண்ணாடி தோலைச் சுட்டுவிடும். ஓரடி தூரத்தில் உள்ளங்கையைக் காட்டினாலே தெரியும். நுவரெலியாப் பக்கப் பிள்ளை ஒன்று நிச்சயம் கேட்கும்: "சேர், குளிருக்கு அது நல்லதுதானே?" நியாயமான கேள்வி. கோழிக்குஞ்சுப் பெட்டிக்கு இழை பல்ப்தான் சரி, அங்கே நமக்குத் தேவை சூடுதான். மனிதர் இருக்கும் அறையைக் கூரையில் தொங்கும் ஒரு பல்ப் சூடாக்காது.

சீ.எஃப்.எல். (சுருண்ட குழாய் வடிவ பல்ப்) ஒன்றையும் பலகையில் வைக்கலாமா? வீடுகளில் இன்னும் தொங்குவதால் காட்டுவது நல்லதுதான். குளிர்ந்த காலையில் அது மங்கலாகத் தொடங்கி மெல்ல மெல்லத் தெளிவதை மலையில் நன்றாகவே பார்க்கலாம். ஆனால் அதற்குள் சில மில்லிகிராம் பாதரசம் இருக்கிறது. வகுப்பில் கீழே விழுந்து உடைந்தால் ஜன்னல்களைத் திறந்துவிட்டுப் பிள்ளைகளை வெளியே அனுப்ப வேண்டும். விளக்குமாற்றால் கூட்டாமல் தடித்த அட்டையால் அள்ளி மூட வேண்டும். நெருக்கமான வகுப்பறை என்றால் படத்தில் காட்டிவிட்டுப் போங்கள்.

பலகைக்கான செலவைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் ஒரு தடவை தாங்கினால் பல வருடம் ஓடும். மறைந்த செலவு தயாரிப்பு நேரமும், பலகையைப் பூட்டி வைக்க ஓர் அலமாரியும். பூட்டாத பலகையில் எல்.ஈ.டி.கள் அடுத்த தவணைவரை தங்காது, எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

வீட்டு மீட்டர் வாசிப்பு

ஒரு வாரம் மாலை 6.30க்கும் இரவு 10.30க்கும் மீட்டரை வாசித்து எழுதி வரச் சொல்வது. இந்த நாலு மணித்தியாலம்தான் நாடு முழுவதும் மின்சாரத் தேவை உச்சத்துக்குப் போகும் நேரம், விளக்குகள் எரியும் நேரமும் அதுவே. முதல் அளவுகோலில் இந்த முறையை வெல்ல எதுவும் இல்லை. பிள்ளை எண்ணை எழுதும்போது அப்பாவும் எட்டிப் பார்ப்பார், அக்கா அயர்ன் பண்ணும்போது மீட்டர் படபடவென்று சிமிட்டுவதைப் பார்த்துச் சிரிப்பாள். பேச்சு விளக்கிலிருந்து ஹீட்டருக்குப் போகும். பாடம் தானாகவே வீட்டுக்குள் நுழைந்துவிடும்.

அதே காரணத்தால் விளக்கின் பங்கு எவ்வளவு என்பது அதில் புதைந்தும் போகும். கேத்தல் ஒரு தடவை கொதித்தால் அன்றைய எல்.ஈ.டி. கணக்கை விழுங்கிவிடும். விளக்கை மட்டும் பார்க்க வேண்டுமென்றால் மற்றதையெல்லாம் அணைத்து ஐந்து பத்து நிமிடம் சிமிட்டலை எண்ண வேண்டும். குளிர்சாதனப் பெட்டியும் தொலைக்காட்சியும் உள்ள வீட்டில் அதற்கு யார் சம்மதிப்பார்கள், அதுவும் நாடக நேரத்தில்?

ஆனால் தோட்டத்தில் இந்த முறை இடறுவது வேறு இடத்தில். "சேர், எங்க வீட்டுல மீட்டர் இல்ல, பக்கத்து வீட்டுல இருந்துதான் வயர் வருது" என்று ஒரு பிள்ளை எழுந்து சொல்ல வேண்டிய நிலை வந்தால், அந்த வாரப் பாடம் அந்தப் பிள்ளைக்கு அதோடு முடிந்தது. சொல்லாமல் பொய் எண் எழுதி வரும் பிள்ளைகளும் இருப்பார்கள். சில லயங்களில் மீட்டர்கள் எல்லாம் ஒரே சுவரில் உயரத்தில் இருக்கும்; மழையில் ஸ்டூல் போட்டு ஏறி டோர்ச் அடிக்கும் பிள்ளையை நினைத்தாலே எனக்குப் பயம். மீட்டர் பெட்டியைத் திறக்கவோ வயரைத் தொடவோ கூடாது என்பதை எழுத்தில் கொடுத்து, பெற்றோரின் கையெழுத்தும் வாங்க வேண்டும்.

இதற்கு மாற்றாக நான் விரும்புவது விளக்குப் பட்டியல். மீட்டர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லாரும் செய்யலாம். எந்த இடத்தில் விளக்கு, எத்தனை மணிக்குப் போடுகிறார்கள், எப்போது அணைக்கிறார்கள், ஏன் போட வேண்டியிருக்கிறது என்று நாலு நிரல். கடைசி நிரல்தான் முக்கியம். "பகல் மூணு மணிக்கு, மிஸ்ட் வந்ததால", "அடுப்படியில ஜன்னல் இல்ல", "காலையில நாலரைக்கு, அம்மா ரொட்டி சுட" என்று பதில் வரும். அப்போதுதான் விளக்குச் சிக்கனம் என்பது பல்ப்பை மாற்றுவதோடு முடிவதில்லை என்பது வகுப்புக்குப் புரியும். அடுப்புப் புகை பிடித்துக் கறுத்த சுவர் வெளிச்சத்தை உறிஞ்சிவிடும். சுண்ணாம்பு அடித்தால் அதே பல்ப் கூடத் தெளிவாகத் தெரியும். கூரைத் தகரத்தில் ஒன்றுக்குப் பதிலாக ஒளி ஊடுருவும் தகடு போட்டால் பகல் விளக்கே வேண்டாம். லயத்து வீட்டில் கூரையைத் தொட தோட்ட நிர்வாகத்தின் சம்மதமும் தேவைப்படலாம். ஆகவே இதைப் பிள்ளைக்கு வீட்டுவேலையாகக் கொடுக்காமல் வகுப்பில் பேச்சோடு வைத்துக்கொள்ளுங்கள். பல்ப்பில் படிந்த புகையைத் துடைப்பதை மட்டும் வீட்டுக்கு அனுப்பலாம். சுவிட்ச்சை அணைத்து, பல்ப் ஆறிய பிறகு, காய்ந்த துணியால், பெரியவர் ஒருவரின் கையால்.

மின்நிலையப் பயணம்

தலவாக்கலையில் மேல் கொத்மலை அணை, நோட்டன் பிரிட்ஜில் விமலசுரேந்திர, அதற்குக் கீழே லக்சபான. நமக்குப் பக்கத்திலேயே இவ்வளவு இருக்கும்போது போகாமல் விடுவதா என்று தோன்றும். 1950இல் இயங்கத் தொடங்கிய பழைய லக்சபானவும் 2012இல் வந்த 150 மெகாவாற்று மேல் கொத்மலையும் பிள்ளைகள் பார்க்க வேண்டியவைதான். ஆனால் விளக்குப் பாடத்துக்கு இது பொருந்தாது. பஸ் கட்டணம், அனுமதிக் கடிதங்கள், ஒரு முழு நாள் எல்லாம் போட்டு, திரும்பி வரும் பிள்ளையின் மனதில் இருப்பது பெரிய குழாயும் பஸ்ஸில் பாடிய பாட்டும்.

ஒரு கேள்விக்கு மட்டும் அது உதவும். "நம்ம மலைத் தண்ணியிலதானே கரண்ட் வருது, நாம ஏன் மிச்சம் பிடிக்கணும்?" இந்தக் கேள்வி மலையகத்தில் கட்டாயம் வரும். அதற்குப் பஸ் தேவையில்லை. வறட்சியில் காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்கள் வற்றிக் கரை வெடித்துக் கிடப்பதைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். அப்போது நுரைச்சோலையில் நிலக்கரியும் வேறிடங்களில் எண்ணெயும் எரித்துத்தான் மாலை விளக்கு எரிகிறது.

ஒரே பார்வையில்

| | கரும்பலகை | பல்ப் பலகை | வீட்டு மீட்டர் | பயணம் |
|---|---|---|---|---|
| வீட்டுக்குப் போகுமா | குறைவு | நன்று | மிக நன்று | இல்லை |
| பிள்ளை கூசுமா | பில் கேட்டால் மட்டும் | இல்லை | தோட்டத்தில் ஆம் | காசு கேட்டால் ஆம் |
| ஆபத்து | இல்லை | கவனம் தேவை | கவனம் தேவை | பயண ஆபத்து |
| நேரம் | 1 பாடவேளை | 2 பாடவேளை | 1 வாரம் | 1 நாள் |
| செலவு | இல்லை | ஒரு தடவை | இல்லை | ஒவ்வொரு தடவையும் |

யாருக்கு எது?

தோட்டப் பாடசாலை, தரம் 8 அல்லது 9 என்றால் யோசிக்காமல் பல்ப் பலகை, கூடவே எண்ணெய்ப் பொட்டு. மின்மானி வாங்க முடியாவிட்டால் எண்ணெய்ப் பொட்டை மட்டுமாவது செய்யுங்கள், அதற்கு இரண்டு பல்ப்பும் ஒரு தாளும் போதும். வீட்டுக்கு விளக்குப் பட்டியலைக் கொடுங்கள், மீட்டரைக் கேட்க வேண்டாம்.

ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை போன்ற நகரப் பாடசாலையில், எல்லா வீட்டிலும் தனி மீட்டர் இருப்பது உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்தால், தரம் 10, 11க்கு வீட்டு மீட்டர்தான் சிறந்தது. நிச்சயமில்லை என்றால் வகுப்பில் கையை உயர்த்தச் சொல்லிக் கண்டுபிடிக்கப் பார்க்காதீர்கள். அந்தக் கேள்வியே பிரச்சினை. வகுப்பாசிரியரிடம் தனியாகக் கேட்டுப் பாருங்கள்.

சாதாரண தரப் பரீட்சைக்கு இரண்டு மாதம்தான் இருக்கிறது, பாடம் இன்னும் முடியவில்லை என்றால் கரும்பலகையே போதும். கற்பனை வீட்டுப் பில்லும், 60 யூனிட் எல்லையும், சாமிப்பட பல்ப்பும் ஒரு பாடவேளைக்குள் வந்துவிடும். பாடசாலையில் கரண்ட் போய்ப் போய் வரும் மழைக்காலத்திலும் இதுதான்.

பயணத்துக்கு ஏற்கெனவே காசு சேர்ந்துவிட்டதென்றால் போய் வாருங்கள். அதைப் புவியியல் பாட ஆசிரியரோடு சேர்ந்து போங்கள், விளக்குப் பாடத்தை அதற்கு முதல் வாரமே முடித்துவிட்டு.